வீட்டுக் குரல்

அலுவலகம் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறைகள். முன்னறையில் பெற்றோர் உட்காருவார்கள். பின்னறையில் மேசைகள். அங்கேதான் கட்டுரைகள் திருத்தப்பட்டன.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் எல்லோரிடமும் இருந்தது. அந்த ஒரு பக்கத்தால்தான் சிலர் உள்ளே போனார்கள், சிலர் வெளியே நின்றார்கள். அங்கே வேலை பார்த்த பெரியவள் அதைத் திருத்தினாள். திருத்துவது என்றுதான் அலுவலகத்தை நடத்திய சார் சொல்வார். பெரும்பாலும் அவளே எழுதினாள்.

அன்று முன்னறையில் ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள். தாய் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்களுக்கு ஒரு கஷ்டம் வேணும்."

சார் புரியாதவர் போலப் பார்த்தார்.

"பையனை ஒரு குறையும் இல்லாம வளர்த்துட்டோம் சார். இப்ப உன்னைப் பத்தி எழுதுன்னா முழிக்கிறான். பக்கத்து வீட்டுப் பையனோட அப்பா ஓடிப்போயிட்டார். அவன் கடகடன்னு எழுதிட்டான்."

"அதுக்காக நீங்க ஓடிப்போக வேண்டாம்மா," என்றார் சார். "இப்ப கஷ்டத்தை யாரும் கேக்கறதில்லை. படிச்சுப் படிச்சு அவங்களுக்கே சலிச்சுப்போச்சு. குரல் வேணும். உங்க பையனோட சொந்தக் குரல்."

"அது எங்க கிடைக்கும்?"

"உள்ள இருக்கு," என்று சார் பின்னறையைக் காட்டினார்.

பையன் பெரியவளின் எதிரே வந்து உட்கார்ந்தான். நல்ல பையன். வீட்டில் ஒரு நாய் இருப்பதாகச் சொன்னான். அது செத்துப்போனதா என்று அவள் கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறது என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல.

அவள் எழுதினாள். "நாய். நாய்தான் எங்கள் வீட்டில் முதலில் எழும். அடுத்து நான். வேறு யாரும் இல்லை."

பையன் படித்துப் பார்த்தான். "நான் இப்படிப் பேச மாட்டேனே அக்கா."

"பேசிப் பழகிக்கோ. நேர்ல கூப்பிட்டுக் கேப்பாங்க."

அவன் உதட்டை அசைத்துப் பழகத் தொடங்கினான். நாய். நாய்தான்.

அந்தக் குரல் பெரியவளின் வீட்டுக் குரல்.

அப்பா காகித ஆலையில் கொதிகலன் பார்த்தவர். பெரியவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவருக்கு ஒரு காது போய்விட்டது. மற்றது மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. கருவி மாட்டிப் பார்த்தார். ஆலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். முக்கியமான சொல்லை முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பார்வை உதட்டுக்கு வந்ததும் அதே சொல்லோடு மறுபடி தொடங்க வேண்டும். சின்ன வாக்கியம். பிறகு நிறுத்த வேண்டும்.

"கதவு. கதவைச் சாத்துங்க."

"டாக்டர். டாக்டர் நாளைக்கு வரச் சொன்னார்."

அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தாள். அங்கேயும் சமயத்தில் வாய் அப்படியே போய்விடும். எனக்கென்ன காது கேக்காதா என்று கூட வேலை செய்பவர்கள் சண்டைக்கு வருவார்களாம். "நான் பேசினா அளந்து அளந்து பேசணும். அவர் பேசினா தெருவே கேக்கும்," என்பாள் அம்மா. "காது போச்சு, வாய் போகல."

பெரியவளுக்கு இரண்டு பேச்சும் தெரியும். தங்கை சின்னவளுக்கு ஒன்றுதான் தெரியும். அவள் பிறந்தபோது வீடே அப்படிப் பேசிக்கொண்டிருந்தது. பள்ளியிலும் அப்படியே பேசினாள். தந்தி என்று பெயர் வைத்தார்கள். அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் முறையிட்டாள்.

"தந்தி. தந்தின்னு கூப்பிடறாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் அதே பெயர்.

அந்தக் குரல் கட்டுரைக்குள் முதல் தடவை தெரியாமல்தான் வந்தது. கிரானைட் வியாபாரியின் மகன் ஒருவன் நீச்சல் போட்டியைப் பற்றி எழுதிவந்தான். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, என் வாழ்வின் திருப்புமுனை. பெரியவள் பலமுறை திருத்தியும் அது உயிர் பெறவில்லை. சலித்துப்போய், இதைத் தந்தி சொன்னால் எப்படிச் சொல்வாள் என்று நினைத்தாள். உடனே வந்தது. "தண்ணீர். தண்ணீர் எனக்குப் பயம். குதித்த பிறகும் பயம்தான்."

பையனுக்கு இடம் கிடைத்தது. கல்லூரியிலிருந்து அவன் கட்டுரையைப் பாராட்டி வேறு சொன்னார்களாம். சார் அவளைக் கூப்பிட்டார்.

"எங்கேர்ந்தும்மா பிடிச்ச இந்தக் குரலை?"

"வீட்ல அப்படித்தான் பேசுவோம் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். சார் அதற்கு வீட்டுக் குரல் என்று பெயர் வைத்தார். முதல் சொல் தனியாக, மறுபடி அதே சொல், சின்ன வாக்கியம், நிறுத்து. இதை ஒரு அட்டையில் எழுதி பின்னறைச் சுவரில் ஒட்டினார். மற்ற மேசைகளில் இருந்தவர்களும் அதைப் பார்த்து எழுதப் பழகினார்கள். பெரியவளுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது.

வீட்டில் கேட்டால் பிழை திருத்துகிறேன் என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

தந்திக்குக் காது பற்றிய படிப்பு படிக்க வேண்டும். காதைச் சோதிப்பது, கருவி பொருத்துவது, பேசப் பழக்குவது. சிறுமியாக இருந்தபோதே அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போனவள் அவள்தான். அந்தப் படிப்பு உள்ள கல்லூரி ஒன்றுதான் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கிரானைட் வியாபாரியின் மகன் சேர்ந்ததும் அங்கேதான். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத இடங்கள் கொஞ்சம் இருந்தன. கட்டணம் கட்டிப் படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. அது கிடைத்தால் படிப்பு. இல்லாவிட்டால் இல்லை.

கட்டுரையைத் தானே எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பெரியவளிடம் நீட்டினாள்.

"படி. படி மட்டும்தான்."

பெரியவள் படித்தாள்.

"காது. காது எங்கள் வீட்டில் ஒன்றுதான். அது அப்பாவுடையது. அது கேட்காது. அதனால் நாங்கள் பேசக் கற்றுக்கொண்டோம்."

கீழே இப்படி இருந்தது. "கரண்டி. கரண்டியை அப்பா தட்டில் போடும் சத்தம் அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குப் பதில் அதை நான் கேட்டுக்கொள்கிறேன்."

மாற்ற ஒன்றும் இல்லை. அதுதான் தொல்லை. ஒவ்வொரு வரியிலும் அவள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அட்டை தெரிந்தது.

"கொஞ்சம் நீட்டி எழுதேன்டி."

"எதை?"

"முதல் வரியை. ஒத்தச் சொல்லா நிக்குது."

"நிக்கட்டும். நான் அப்படித்தானே பேசறேன்."

"பேசறது வேற, எழுதறது வேற."

"ஆபீஸ். இதை உன் ஆபீஸ்ல போய்ச் சொல்லு. இதுல கை வைக்காதே."

"நான் என்னடி உன் நல்லதுக்குத்தானே—"

"கை. கை வைக்காதேன்னேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். உன் குரலை ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன், வேறு மாதிரி எழுது என்று. சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒரு நினைப்பும் இருந்தது. நாள் முழுவதும் போலி செய்கிறவளுக்கே வரக்கூடிய நினைப்பு. அசலைப் பார்த்தால் அசல் என்று யாருக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

"நல்லா இருக்கு. அப்படியே அனுப்பு," என்றாள்.

நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பெரியவள் போனாள். கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார்.

"பயப்படாம பேசு. சத்தமாப் பேசு," என்று கத்தினார். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது.

கல்லூரி நடைபாதையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாக நடந்தார்கள். உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால் இருவர். நடுத்தர வயதுப் பேராசிரியை ஒருவர், அவருக்கு ஜலதோஷம், வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு இளம் ஆசிரியர். பெரியவளுக்குச் சுவரோரம் நாற்காலி காட்டினார்கள்.

"இதை யாரும்மா எழுதினது?" என்று பேராசிரியை கேட்டார். குரலில் கடுமை இல்லை.

"நான். நான்தான் எழுதினேன்."

இளம் ஆசிரியர் பேராசிரியையைப் பார்த்தார்.

"யாராவது திருத்திக் குடுத்தாங்களா?"

"யாரும். யாரும் கை வைக்கல."

"பதட்டப்படாதே. சாதாரணமாப் பேசு."

"சாதாரணமா. சாதாரணமாத்தான் மேடம் பேசறேன்."

இளம் ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நல்லாப் பழக்கியிருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னார். தந்திக்கு உதட்டைப் படிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

பேராசிரியை பக்கத்திலிருந்த கட்டுரைக் கட்டிலிருந்து சில தாள்களை உருவினார். ஒன்றை வாசித்தார். "நாய். நாய்தான் எங்கள் வீட்டில் முதலில் எழும்." அடுத்ததை எடுத்தார். "மாடி. மாடியில்தான் நான் தனியாக இருப்பேன்." அடுத்தது. "பாட்டு. பாட்டு எனக்கு வராது." கட்டின் மேல் கையை வைத்து உயரத்தைக் காட்டினார்.

"எல்லாம் ஒரே கடைச் சரக்கு. அது எங்களுக்குத் தெரியும்மா. எந்தக் கடைன்னுதான் தெரியாது."

தந்தி தாள்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் பெரியவள்.

எழுந்து நின்றாள். எந்தக் கடை என்று சொன்னாள். நாய்க் கட்டுரையைத் தன் கையால் எழுதியதாகச் சொன்னாள். மாடியும் பாட்டும் பக்கத்து மேசைகளில் எழுதியிருப்பார்கள் என்றாள். "ஆனா குரல் இவளோடது. இவகிட்டேர்ந்து எடுத்துத்தான் நான் அவங்களுக்கெல்லாம் குடுத்தேன். இவ யார்கிட்டயும் வாங்கல."

"நீங்க இவளுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"ஒரே வீடா?"

"ஒரே வீடு."

பேராசிரியை மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அந்தக் கடையில வேலை செய்யறீங்க. ஒரே வீட்ல இருக்கீங்க. இவ உங்ககிட்ட வாங்கலன்னு நான் என்னன்னும்மா எழுதறது?"

"எங்க வீட்டுக்கு வந்து பாருங்க மேடம். எங்க அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. புரியும்."

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். எனக்கு என்னவோ நிஜம்னுதான் படுது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்தப் பக்கத்துல அது தெரியலையே. எனக்கு இருக்கறது பக்கம்தானே. வீடு வீடாப் போய்ப் பார்க்க முடியுமா?"

"தண்ணின்னு ஒரு பையன் எழுதியிருந்தானே. கிரானைட் வியாபாரி பையன். அவனுக்கு இடம் குடுத்தீங்களே."

"அவனா. அப்ப இதைப் புதுசுன்னு நினைச்சோம்." பேராசிரியை யோசித்தார். "நல்லாத்தான் படிக்கிறான்."

தந்தி நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள்.

"நிஜம். நிஜம் மேடம் அது."

அதுவும் அப்படித்தான் வந்தது. இளம் ஆசிரியர் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. தந்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழி போனதும் கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"எண்ணினதில்லடி."

"அப்பா. அப்பாவையுமா குடுத்த?"

"இல்ல. சத்தியமா இல்ல. அப்பாவைப் பத்தி யாருக்கும் ஒரு வரி எழுதினதில்லை."

"நாயைப் பத்தி எழுதின."

"ஆமா."

நடத்துனர் வந்து டிக்கெட் கேட்டார். பெரியவள் எடுத்தாள். தந்தி தன்னுடையதைத் தானே எடுத்தாள்.

வீட்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

தந்தி அவரைக் கடந்து உள்ளே போனாள். அப்பா பெரியவளின் உதட்டைப் பார்த்தார்.

"கிடைக்காது. கிடைக்காதுப்பா."

"ஏன்?"

அதற்கு ஒரு முதல் சொல் வேண்டியிருந்தது. அவளுக்கு அது தெரியும். அதைச் சொல்லவில்லை.

"கூட்டம். கூட்டம் ஜாஸ்தி."

"அவளை விடவா நல்லாப் பேசிட்டாங்க?" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

கல்லூரியின் முடிவு ஒரு வரியில் வந்தது. பெரியவள் எதிர்பார்த்த வரிதான். நடந்ததையெல்லாம் தந்தி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அந்த வரியைக் கேட்டுவிட்டுத் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள். அப்புறம் நிறுத்தினாள்.

"ஏன்டி, நான் உங்கப்பாவுக்காகப் பேசினதுக்கா ஊர்ப் பசங்களுக்கு மார்க் போட்டாங்க?"

பெரியவள் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"எனக்குக் கூட ஒரு சீட்டு குடுத்திருக்கலாமே," என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அலுவலகத்தில் சார் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டார்.

"நீயே போய்ச் சொல்லிட்டியாமே."

"ஆமா சார்."

"பேரோடவா?"

"பேரோட."

சார் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று அவள் நின்றாள். அப்பா ஆலையை விட்டு நின்றாகிவிட்டது. அம்மாவுக்கு முதுகு வளையவில்லை. இதையெல்லாம் வரும் வழியிலேயே நினைத்துப் பார்த்திருந்தாள்.

"பேரைப் பத்தி ஒண்ணும் இல்ல. போர்டுதானே, மாத்திக்கலாம்," என்றார் சார். "தங்கச்சிக்குன்னா நானும் சொல்லியிருப்பேன். அதை விடு. குரல்தான் பழசாயிடுச்சு. பையனுக்கு இடம் கிடைக்கலன்னு நாய்க்காரம்மா வந்து காலையில ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போனாங்க. புதுசா ஒண்ணு வேணும்."

சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்க வீட்ல வேற யாராவது வித்தியாசமாப் பேசுவாங்களா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். பெரியவள் பின்னறைக்குப் போய் சுவரிலிருந்த அட்டையைக் கிழித்தாள். யாரும் தடுக்கவில்லை. அது இனி யாருக்கும் தேவைப்படவில்லை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அடுத்த கட்டுரையை எடுத்தாள்.

தந்தி காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் பயிற்சி கொடுத்தார்கள். முழு வாக்கியத்தில் பேச வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் பேசி முடித்த பிறகு, அவர் சொன்னதை ஒட்டி, இடையில் விடாமல், மரியாதையாக. ஒரு சொல்லைத் தனியாக விடக் கூடாது. கோபமாக இருப்பதுபோல் கேட்கும். தந்தி சீக்கிரம் பழகிவிட்டாள். நன்றாகப் பேசுகிறாள் என்று அவளுக்கு ஒரு சின்னக் கோப்பை கூடக் கொடுத்தார்கள். அதை அம்மா பருப்பு அளக்க எடுத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தந்தி வந்தாள். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினாள்.

"கூட வேலை செய்யற ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமப் போனதால அவங்க இடத்துலயும் நானே இருந்து பார்க்க வேண்டியதாப் போச்சு, அதனாலதான் வர இவ்வளவு நேரம் ஆயிடுச்சு, நீங்க எனக்காகக் காத்திருக்காம முன்னாடியே சாப்பிட்டிருக்கலாமே."

அப்பா அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை.

"என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"நேராப் பார்த்துச் சொல்லுடி," என்றாள் அம்மா.

"நான் சாதாரணமாத்தானேம்மா பேசறேன்."

அவள் கைகழுவப் போனாள். அப்பா பெரியவளின் பக்கம் திரும்பினார். அவர் பார்வை அவள் உதட்டுக்கு வந்து நின்றது. இப்போதெல்லாம் அவளைத்தான் கேட்கிறார்.

"வேலை. வேலை ஜாஸ்தியாம்பா."

"அவ்ளோ நேரம் பேசினாளே. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். கரண்டியைத் தட்டில் போட்டார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவள் குழாயடியைப் பார்த்தாள். தந்தி திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று, கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.